மடிக்கணினிக்குள் ஒரு பிடிபி-11: ஐம்பது வயது யூனிக்ஸை ஓட்டிப் பார்ப்பது எப்படி

கறுப்புத் திரை. இடது ஓரத்தில் @ என்று ஒரே ஒரு குறி. வரவேற்பு வாசகம் கிடையாது, நிறுவனச் சின்னம் கிடையாது, சுழலும் வட்டமும் கிடையாது. அந்தக் குறிக்குப் பக்கத்தில் ‘யூனிக்ஸ்’ என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து எண்டரைத் தட்டினால் ‘லாகின்’ என்று கேட்கும். ‘ரூட்’ (எல்லா அதிகாரமும் உள்ள பயனரின் பெயர்) என்று பதில் சொன்னால் கடவுச்சொல்கூடக் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். அடுத்த வரியில் # வந்து நிற்கும்.

இப்போது நீங்கள் இருப்பது 1975இல் வெளிவந்த, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆறாம் பதிப்புக்குள். அதைப் பொறுத்தவரை அது ஓடுவது பிடிபி-11 என்ற, பீரோ அளவுள்ள ஒரு கணினியில். அந்த பீரோ உண்மையில் உங்கள் மடிக்கணினியில் ஓடுகிற ஒரு சாதாரண புரோகிராம். இது எப்படி நடக்கிறது, எப்படி ஓட்டுவது, உள்ளே போனால் எங்கெங்கே முரண்டு பிடிக்கும் என்பதை முதல்முறை பார்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன். சி மொழி கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் பாதகமில்லை. கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் அடியுங்கள். சிறிய எழுத்து என்று அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது, அது பின்னால் வரும்.

பீரோவுக்கு ‘மினி’ என்று பெயர்

மினி கம்ப்யூட்டர் என்றதும் கையடக்கமான எதையோ நினைத்துவிட வேண்டாம். ஒரு அறையையே விழுங்கும் மெயின்ஃப்ரேம்களோடு ஒப்பிட்டு வைத்த பெயர் அது. 1965இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக், பிடிபி-8 என்ற கணினியை 18,000 டாலருக்கு விற்க ஆரம்பித்தபோது அது மலிவு விலை. ஒரு பல்கலைக்கழகத் துறையோ ஒரு ஆய்வுக்கூடமோ தனக்கென்று சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேனார்ட் என்ற ஊரில் இருந்த அதே நிறுவனம் 1970இல் கொண்டுவந்த 16 பிட் இயந்திரம்தான் பிடிபி-11. ஏறத்தாழ 6 லட்சம் விற்றது.

யூனிக்ஸ் பிறந்தது இதில் அல்ல. 1969இல் நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில், கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதை முதலில் ஓட்டியது பிடிபி-7 என்ற பழைய இயந்திரத்தில். புது இயந்திரம் வேண்டும் என்று நிர்வாகத்திடம் நேரடியாகக் கேட்டால் கிடைக்கிற நிலைமை இல்லை. ஆவணங்களை வடிவமைக்கும் மென்பொருள் எழுதித் தருகிறோம் என்று சொல்லித்தான் பிடிபி-11ஐ வாங்கினார்கள். சொன்னபடி எழுதியும் கொடுத்தார்கள். ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவு அதைப் பயன்படுத்தியது. 1973இல் யூனிக்ஸின் கருவை, அதாவது கெர்னல் என்ற மையப் பகுதியை, சி மொழியில் திருப்பி எழுதினார்கள். ஆறாம் பதிப்புதான் பல்கலைக்கழகங்களுக்குப் பரவலாகப் போய்ச் சேர்ந்த முதல் பதிப்பு. அரசோடு 1956இல் செய்துகொண்ட சட்ட உடன்பாட்டின்படி தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி கணினித் தொழிலில் இறங்க முடியாது. அதனால் மூல நிரலோடு சேர்த்தே குறைந்த கட்டணத்துக்குக் கொடுத்தது.

பிடிபி-11இல் ஓடிய இயங்குதளங்கள் இன்னும் பல உண்டு: ஆர்டி-11, ஆர்எஸ்எக்ஸ்-11, ஆர்எஸ்டிஎஸ். இருந்தாலும் முதல்முறை ஓட்டிப் பார்க்கிறவருக்கு நான் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பைத்தான் சொல்வேன். லினக்ஸ் பழகியவருக்கு அங்கே பாதி வீடு தெரிந்த வீடு. தெரியாத மீதிப் பாதியில்தான் சுவாரசியம்.

தாயக்கட்டமும் போலி இயந்திரமும்

தாயம் ஆடத் தெரியும் அல்லவா? கட்டத்தைக் கோயில் கல்தரையில் செதுக்கியிருக்கலாம், திண்ணையில் சாக்பீஸால் கிறுக்கியிருக்கலாம், நோட்டில் பேனாவால் வரைந்திருக்கலாம். காய்க்குப் புளியங்கொட்டையோ உடைந்த வளையல் துண்டோ போதும். எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, தாயம் விழுந்தால் என்ன செய்யலாம் என்ற இரண்டும் சரியாக இருந்தால் அது முழு ஆட்டம்தான்.

கணினியும் இப்படித்தான். பிடிபி-11இன் நிலையை எழுதி வைக்கச் சில எண்களும் ஒரு பெரிய பட்டியலும் போதும். எட்டு பதிவகங்கள், அதாவது ரெஜிஸ்டர்கள். அவற்றில் ஏழாம் எண்ணுடையது அடுத்து எந்தக் கட்டளையைச் செய்ய வேண்டும் என்ற முகவரியை வைத்திருக்கும். ஆறாம் எண்ணுடையது அடுக்கின் (தற்காலிக மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் ஸ்டாக்கின்) நுனியைக் காட்டும். பிறகு நினைவகம்: பிடிபி-11/40 மாடலில் அதிகபட்சம் 248 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ‘காலை வணக்கம்’ படத்துக்கே அது போதாது. நினைவகத்தை ஒரு வரிசையாகவும் பதிவகங்களை எட்டு மாறிகளாகவும் வைத்துக்கொண்டால் கட்டமும் காய்களும் தயார்.

விதிகள் டெக்கின் கையேட்டில் இருக்கின்றன. ஒன்றைக் கையாலேயே பிரித்துப் பார்க்கலாம். பிடிபி-11 ஆட்கள் எண்களை ஆக்டலில், அதாவது 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களை மட்டும் வைத்து எழுதுவார்கள். நினைவகத்தில் 010102 என்று ஒரு எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 01, 01, 02 என்று இரண்டிரண்டாக வெட்டுங்கள். முதல் 01 என்றால் ‘மூவ்’, அதாவது ஒரு மதிப்பை நகலெடு. அடுத்த 01, எங்கிருந்து என்று சொல்கிறது: 1ஆம் பதிவகத்திலிருந்து. கடைசி 02, எங்கே என்று சொல்கிறது: 2ஆம் பதிவகத்துக்கு. முதல் ஜோடி 06 ஆக இருந்தால் அது நகல் அல்ல, கூட்டல். நடு ஜோடி 01க்குப் பதில் 11 என்று இருந்தால், 1ஆம் பதிவகத்தில் இருப்பது மதிப்பு அல்ல, ஒரு முகவரி. அந்த முகவரிக்குப் போய் அங்கே இருப்பதை எடு என்று பொருள். பல செயலிகளில் (ப்ராசசர்களில்) கட்டளை வடிவம் ஒரே குழப்பமாக இருக்கும். இதில் வெறுங்கண்ணால் வாசிக்கலாம். அந்த நேர்த்திக்காகவே இதன்மேல் எனக்கு ஒரு பிரியம்.

அப்படியானால் பிடிபி-11 மாதிரி நடிக்கும் புரோகிராம், அதாவது போலி இயந்திரம், செய்யவேண்டிய வேலை என்ன? ஏழாம் பதிவகம் காட்டும் இடத்திலிருந்து ஒரு எண்ணை எடு, வெட்டிப் பார், சொன்னதைச் செய், அடுத்ததற்குப் போ. இதையே விடாமல் சுற்று. அந்தச் சுற்றுதான் இயந்திரம்.

திரையும் வட்டும் எங்கே வருகின்றன? இதிலும் பிடிபி-11 எளிமையானது. சாதனங்களோடு பேசத் தனிக் கட்டளைகள் இல்லை. முகவரி வரிசையின் கடைசி 8 கிலோபைட்டைச் சாதனங்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். ஆக்டலில் 777566 என்ற முகவரி நினைவகமே அல்ல, கன்சோலின் (இயந்திரத்தோடு பேச வைத்திருந்த தட்டச்சு முனையத்தின்) அச்சு முனை. அங்கே, இதுவும் ஆக்டலில், 101 என்ற எண்ணை வைத்தால் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’ காகிதத்தில் அச்சாகும். போலி இயந்திரம் இந்த முகவரியைக் கண்டதும் வரிசையில் எழுதாமல் உங்கள் திரையில் அந்த எழுத்தைக் காட்டிவிடும்.

வட்டும் இதே கதைதான். ஆர்கே05 என்ற வட்டு, 14 அங்குலத் தட்டு ஒன்றைப் பெட்டிக்குள் வைத்த மாதிரி இருக்கும். கழற்றி மாட்டலாம். 203 வளையங்கள், இரண்டு பக்கங்கள், பக்கத்துக்கு 12 துண்டுகள், துண்டுக்கு 512 பைட். பெருக்கினால் 24,94,464 பைட், அதாவது இரண்டரை மெகாபைட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நம் மடிக்கணினியில் இது அதே அளவுள்ள ஒரு கோப்பு. யூனிக்ஸ் 777404 என்ற முகவரியில் ‘படி’ என்ற ஆணையை எழுதும். போலி இயந்திரம் எந்த வளையம், எந்தத் துண்டு என்று கணக்குப் போட்டு, கோப்பில் அந்த இடத்துக்குத் தாவி, 512 பைட்டை எடுத்து நினைவக வரிசையில் வைத்துவிட்டு, ‘ஆயிற்று’ என்று குறுக்கீடு ஒன்றை, அதாவது செய்வதை நிறுத்திக் கவனிக்கச் சொல்லும் சமிக்ஞையை, அனுப்பும். தட்டு சுழன்றதா, ஊசி நகர்ந்ததா என்பதெல்லாம் யூனிக்ஸுக்குத் தெரிய வழியே இல்லை. கையேடு சொன்ன இடத்தில் சொன்ன பதில் வந்தால் அதற்குப் போதும்.

கடிகாரம்கூட இப்படித்தான். அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 முறை துடிக்கும். அந்தத் துடிப்பை எண்ணித்தான் யூனிக்ஸ் நேரம் பார்த்தது. நிரலில் 60 என்றே எழுதியிருக்கிறது. நம்மைப் போல 50 துடிப்புள்ள நாட்டில் அதை மாற்றாமல் ஓட்டினால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 வினாடி பின்தங்கும். போலி இயந்திரத்தில் இந்தத் துடிப்பையும் புரோகிராமே உண்டாக்கிக் கொடுக்கிறது.

ஓட்டிப் பார்ப்போம்

இதற்கெல்லாம் பெயர்போன மென்பொருள் சிம்எச். டெக்கில் மூத்த பொறுப்பில் இருந்த பாப் சுப்னிக் 1993இல் தொடங்கியது. பிடிபி-1, பிடிபி-8, வாக்ஸ், ஆல்டேர் என்று பல பழைய இயந்திரங்கள் இதற்குள் இருக்கின்றன. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்கள் ஆப்ட் என்ற நிறுவும் கருவி மூலமாகவே நிறுவிக்கொள்ளலாம். ஆறாம் பதிப்பின் வட்டுக் கோப்புகளும் சிம்எச்சுக்கான மென்பொருள் தொகுப்புகளோடு கிடைக்கின்றன. அனுமதி பற்றிக் கவலை வேண்டாம். அப்போது உரிமை வைத்திருந்த கால்டெரா நிறுவனம் 2002 ஜனவரியில் பழைய யூனிக்ஸ் பதிப்புகளைத் தாராளமான உரிமத்தில் திறந்துவிட்டது.

டெர்மினலில் ‘பிடிபி11’ என்று அடித்தால் ‘சிம்’ என்று ஒரு தூண்டல் வரும். நீங்கள் இப்போது இயந்திரத்துக்கு வெளியே, அதன் முகப்புப் பலகைக்கு எதிரே நிற்கிறீர்கள். ‘செட் சிபியு 11/40’ என்றால் மாடலைத் தேர்ந்தெடுத்தாயிற்று. ‘செட் சிபியு யு18’ என்றால் 18 பிட் முகவரி உள்ள பஸ், அதாவது இயந்திரத்தின் பாகங்களை இணைக்கும் பொதுப் பாதை. ‘அட்டாச் ஆர்கே0’ என்று சொல்லி வட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், பெட்டியைத் தூக்கி முதல் வட்டு இயக்கியில் (டிரைவில்) செருகியதற்குச் சமம். மற்ற வட்டுகளை ஆர்கே1, ஆர்கே2 என்று செருகுங்கள். கடைசியாக ‘பூட் ஆர்கே0’. @ வந்துவிடும். எப்போதாவது வெளியே வர வேண்டுமென்றால் கன்ட்ரோல்-இ. இயந்திரம் அப்படியே உறைந்து நிற்கும். ‘கன்டினியூ’ என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நிஜ பீரோவில் இவ்வளவு சுகம் கிடையாது.

நான் முதலில் ஓட்டியபோது ஐந்தே நிமிடத்தில் மடிக்கணினி மின்விசிறி இரைய ஆரம்பித்தது. உள்ளே யூனிக்ஸ் வேலையில்லாமல் சும்மா இருக்க, வெளியே சிம்எச் மட்டும் அந்தச் ‘சும்மா’வையும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது! ‘செட் சிபியு ஐடில்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் விசிறி அடங்கிவிடும்.

காகிதத்தில் அழிக்க முடியாது

உள்ளே போனதும், கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையை அடியுங்கள். வேலை செய்யும், ஆனால் எல்லாப் பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பத்தியில் ஓடும். சரி, ஒரு கோப்புறைக்குள் போகலாம் என்று ‘சிடி’ அடித்தால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிடும். அந்தப் பெயர் ஏழாம் பதிப்பில்தான் வந்தது. இங்கே சி, எச், டி, ஐ, ஆர் என்று ஐந்து எழுத்தையும் அடிக்க வேண்டும்.

தப்பாக அடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் பேக்ஸ்பேஸைத் தட்டுவீர்கள். எழுத்து அழியாது. பெரும்பாலான லினக்ஸ் டெர்மினல்களில் அந்த விசை அனுப்பும் குறி, ஆறாம் பதிப்பில் ‘ஓடுவதை நிறுத்து’ என்ற ஆணை. அழிக்க # அடிக்க வேண்டும். ‘எல்எக்ஸ்#எஸ்’ என்று அடித்தால் யூனிக்ஸ் அதை ‘எல்எஸ்’ என்றே எடுத்துக்கொள்ளும், ஆனால் திரையில் மூன்று எழுத்தும் # குறியும் அப்படியே நிற்கும். முழு வரியும் வேண்டாமென்றால் @.

இது கிறுக்குத்தனமாகத் தெரியும், அன்றைய முனையத்தை மனதில் கொண்டுவரும்வரை. அப்போது பரவலாக இருந்தது டெலிடைப் மாடல் 33. திரை கிடையாது. தட்டச்சு இயந்திரம் போலக் காகிதச் சுருளில் வினாடிக்கு 10 எழுத்து அடிக்கும். காகிதத்தில் விழுந்த மையை எப்படி அழிப்பது? ‘முன்னால் அடித்ததைத் தள்ளு’ என்று இன்னொரு குறியைத்தான் அடிக்க முடியும். கட்டளைப் பெயர்கள் இரண்டெழுத்தில் சுருங்கி நிற்பதற்கும் இதில் பங்கு உண்டு. விசைகளை அழுத்தவே பலம் வேண்டும். பதில் வரும் வேகமோ மாட்டுவண்டி. சிறிய எழுத்து என்று முதலில் அழுத்திச் சொன்னதும் இதனால்தான். அந்த டெலிடைப்பில் பெரிய எழுத்து மட்டுமே உண்டு. லாகின் பெயரை முழுதும் பெரிய எழுத்தில் அடித்தால், பாவம் இவரிடம் இருப்பது அந்த ரகம்போல என்று யூனிக்ஸ் முடிவு கட்டி, அதற்கேற்ப நடக்க ஆரம்பித்துவிடும்.

கோப்பு எழுத ‘இடி’ என்ற எடிட்டர் இருக்கிறது. ‘விஐ’ என்ற எடிட்டர் அப்போது இன்னும் பிறக்கவில்லை. இடி பேசாது. தப்பு செய்தால் ? என்று ஒரு குறி காட்டும், என்ன தப்பு என்று சொல்லாது. ‘ஏ’ அடித்து, வரிகளை எழுதி, தனி வரியில் ஒரு புள்ளி வைத்து முடித்து, ‘டபிள்யூ’ என்று கோப்பின் பெயரோடு சேமித்து, ‘க்யூ’ அடித்து வெளியேறலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சி நிரலில் # வரும் இடங்களில் அது அழிக்கும் குறியாகிப் போய்விடும்! அதற்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போட வேண்டும். தவிர, கோப்பின் முதல் எழுத்தே # ஆக இருந்தால்தான் கம்பைலர் (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் புரோகிராம்) முன்செயலாக்கியை, அதாவது # வரிகளை முதலில் கவனிக்கும் பகுதியை, அழைக்கும். இந்த இரண்டும் சேர்ந்து என் ஒரு மாலைப்பொழுதையே தின்றன.

தமிழில் ஏதாவது அடித்துப் பார்க்கும் ஆசை வரும். முனையத்திலிருந்து வரும் ஒவ்வொரு பைட்டிலும் ஏழு பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு எட்டாவதை வெட்டிவிடும் ஆறாம் பதிப்பு. இன்று எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ‘அ’ என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். ஒவ்வொன்றிலும் 128ஐக் கழித்தால் 96, 46, 5. அதாவது ஒரு சாய்ந்த மேற்கோள் குறி, ஒரு முற்றுப்புள்ளி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டுக் குறி. நம் உயிரெழுத்தின் கதி அவ்வளவுதான்.

சி மொழியும் கொஞ்சம் அந்நியமாக இருக்கும். ஒரு மாறியோடு எதையாவது கூட்டி அதிலேயே வைக்க இன்று += என்று எழுதுவது அன்று =+. கழிக்க -= என்பது அன்று =-. பார்த்தால் சின்ன மாற்றம். ஆனால் எக்ஸ்=-1 என்று இடைவெளி விடாமல் எழுதினால் எக்ஸுக்கு மைனஸ் ஒன்று கொடு என்று நாம் நினைப்போம், அன்றைய கம்பைலர் எக்ஸில் ஒன்றைக் கழித்துவிடும். பின்னால் குறியின் வரிசையைத் திருப்பிப் போட்டார்களே, அதற்குக் காரணம் இந்தக் குழப்பம்தான்.

வேலை முடிந்ததும் நேராகக் கன்ட்ரோல்-இ அடித்து மூடிவிடாதீர்கள். நீங்கள் சேமித்தது இன்னும் நினைவகத்திலேயே இருக்கலாம், வட்டுக்குப் போயிருக்காது. ‘சிங்க்’ என்று அடித்தால் எல்லாவற்றையும் எழுதிவிடும். அவசரத்தில் இதை விட்டு, அரைமணி நேரம் எழுதிய நிரலை நான் இழந்திருக்கிறேன். ‘ஷட்டவுன்’ என்று ஒரு கட்டளையே இங்கே இல்லை, வட்டைச் சரிபார்க்கும் ‘எஃப்எஸ்சிகே’யும் இல்லை. அதனால் வட்டுக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நகலில் விளையாடுங்கள்.

கருவைத் திறந்து படிக்கலாம்

இன்றைய லினக்ஸ் கருவை ஒரு ஆள் உட்கார்ந்து முழுதும் படித்துவிட முடியாது. ஆறாம் பதிப்பின் கரு ஏறத்தாழ 9,000 வரிதான். அதுவும் நீங்கள் ஓட்டும் அதே வட்டிலேயே இருக்கிறது. சிஸ் என்ற கோப்புறைக்குள் இரண்டு பிரிவுகள்: ஒன்றின் பெயர் கென், மற்றதின் பெயர் டிஎம்ஆர். எழுதிய இருவரின் லாகின் பெயர்கள் அவை. கென்னுக்குள் எஸ்எல்பி.சி என்ற கோப்பில், ஒரு வேலையை நிறுத்திவிட்டு இன்னொன்றுக்கு மாறும் இடத்தில், ‘இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை’ என்று பொருள்படும் குறிப்பு ஒன்று இருக்கும். படித்துப் பாருங்கள், எதிர்பார்க்காதது நியாயம்தான்.

போலி இயந்திரத்தால் பழையதை ஓட்ட மட்டுமல்ல, தொலைந்துபோனதை மீட்கவும் முடிந்திருக்கிறது. பிடிபி-7இல் ஓடிய அந்த முதல் யூனிக்ஸின் நிரல், காகிதத்தில் அச்சடித்த பக்கங்களாகத்தான் மிஞ்சியிருந்தது. 2016இல் ஆர்வலர்கள் அந்தப் பக்கங்களின் ஸ்கேன்களை எழுத்தாக்கி, விடுபட்ட பகுதிகளைத் தாங்களே எழுதிச் சேர்த்து, சிம்எச்சின் பிடிபி-7இல் உயிர்ப்பித்தார்கள்.

இவ்வளவு தூரம் வந்தவர்கள் ஒரு சின்னச் சோதனையோடு முடிக்கலாம். ‘ஹலோ’ என்று அச்சிடும் நான்கு வரி சி நிரலை இடியில் எழுதி, ‘சிசி’ கொண்டு கம்பைல் செய்யுங்கள். ‘ஏ.அவுட்’ என்று ஒரு கோப்பு உண்டாகும். அதை ‘ஓடி’ என்ற கட்டளையால் ஆக்டலில் கொட்டிப் பாருங்கள். இடது ஓரத்து முகவரி எண்ணை விட்டுவிட்டால், முதல் எண் 000407 என்றிருக்கும். இது ஓடக்கூடிய கோப்பு என்று கரு அடையாளம் கண்டுகொள்வது இந்த எண்ணை வைத்துத்தான். மேஜிக் எண் என்பார்கள். ஏன் 407? முன்பு 010102ஐ வெட்டிப் பார்த்த மாதிரி இதையும் பாருங்கள். 4 என்றால் ‘தாவு’, 07 என்றால் ஏழு சொல் தள்ளி (ஒரு சொல் என்பது இங்கே 16 பிட்). கோப்பின் தலைப்பகுதி மொத்தம் எட்டு சொல், அதில் முதல் சொல் இதுவே. ஆரம்ப நாட்களில் தலைப்பகுதியோடு சேர்த்தே கோப்பை நினைவகத்தில் ஏற்றி, முதல் சொல்லிலிருந்து ஓட விட்டுவிடுவார்கள். அது மீதி ஏழைத் தாண்டிக் குதித்து நேராக நிரலில் போய் இறங்கும்.